காய்ந்த கட்டையும் பாசி பிடித்த படகும்

சென்னையை அடுத்த கோவளம், கானத்தூர், நீலாங்கரை மீனவர் குப்பங்களில் படகின் அடிப்பகுதியைக் கழுவுவது ஒரு காலத்தில் தனி வேலையாகவே இல்லை. கட்டுமரம் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். நீர் ஊறிய கட்டை கனத்துவிடும் என்பதே காரணம். அந்த வெயிலில் பாசியும், கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் ஒட்ட வழியின்றிப் போயின. ஒரு வேலையில் இரண்டு பலன்.

2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் கட்டுமரத்தைப் பெருமளவு ஓரங்கட்டின. இவையும் மணலில் ஏற்றப்படுவதால் அழுக்கு குறைவுதான். முட்டுக்காடு போன்ற கழிமுகத்தில் நீரிலேயே கட்டிக்கிடக்கும் படகின் கதை வேறு: முதலில் வழவழப்பான பாசி, பிறகு சுண்ணாம்பு ஓட்டோடு கொட்டலசு. படகின் வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். தேங்காய் நாரும் சுரண்டியும்தான் இதற்குப் பழைய கருவிகள்.

உயர் அழுத்த நீர்க்கருவி பின்னால் வந்தது. ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1950இல் சுடுநீர் வகையை உருவாக்கியது. மின்சார இணைப்பு இல்லாத கரைக்குப் பெட்ரோல் எஞ்சின் வகையே தோது. வாங்குவோர் அழுத்தத்தின் எண்ணை மட்டுமே பார்ப்பதுண்டு. உண்மையில் பாசியை அள்ளிச் செல்வது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நீர் பாய்கிறது என்பது. ஊசிமுனைத் தாரை ஃபைபரின் மேற்பூச்சையே பெயர்த்துவிடும். விசிறியாக விரியும் முனைதான் ஏற்றது. உப்புநீரை உறிஞ்சவிட்டால் பம்பு அரித்துப்போகும். காய்ந்து இறுகிய கொட்டலசுக்கு இன்றும் சுரண்டிதான்.