மலைச்சாலை தந்த தீர்ப்பு: டர்போவும் சூப்பர்சார்ஜரும்

எஞ்சினின் திறன் எரிபொருளால் மட்டும் கூடுவதில்லை; அதை எரிப்பதற்கு வேண்டிய காற்றும் சிலிண்டருக்குள் நிறைந்தாக வேண்டும். காற்றை அழுத்திப் புகுத்தும் கருவிகளுள், கிராங்க் ஷாஃப்ட்டிலிருந்து பெல்ட் அல்லது பல்சக்கரம் வழியாக ஓட்டம் பெறுவது சூப்பர்சார்ஜர் எனப்படும். சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்துவது டர்போசார்ஜர்.

காரில் முதலில் வேரூன்றியது சூப்பர்சார்ஜரே. மெர்சிடிஸ் 1921-இல் பெர்லின் கண்காட்சியில் அத்தகைய கார்களைக் காட்டியது. மிதித்தவுடன் இழுவை கிடைத்ததால் பந்தயக்காரர்கள் அதை விரும்பினர். ஆனால் தன்னைச் சுழற்றிக்கொள்ளவே எஞ்சினின் திறனில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இலேயே டர்போவுக்குக் காப்புரிமை பெற்றிருந்தும், அதன் உண்மையான மதிப்பை உலகுக்குக் காட்டியது பந்தயத் திடலன்று, ஒரு மலை. 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்டு மாஸ், சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொண்டுசென்று சோதித்தார். சமவெளியில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின் அங்கே 230-ஆகச் சுருங்கியது. டர்போவைப் பொருத்தியதும் 356 தந்தது.

இந்தச் சோதனையின் பொருளைத் தேனி மாவட்டத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. பொட்டிப்புரம், தேவாரம், போடிநாயக்கனூர் ஆகிய அடிவார ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் பகுதி இது. போடிநாயக்கனூர் சுமார் 350 மீட்டர் உயரத்திலும், 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலேயுள்ள போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், மேலே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எஞ்சினோடு பிணைந்த சூப்பர்சார்ஜர் அதே வேகத்திலேயே சுழல்வதால் மெலிந்த காற்றையே அழுத்துகிறது. வெளியழுத்தம் குறையக் குறைய டர்போவின் சக்கரமோ கூடுதல் வேகம் பெற்று, இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது.

டர்போவுக்கும் குறை உண்டு. வளைவில் வண்டி தளர்ந்து எஞ்சின் சுற்று விழுந்ததும் புகையின் வேகமும் விழுவதால், மீண்டும் மிதிக்கும்போது இழுவை சற்றுத் தாமதித்தே வருகிறது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கிச் சுற்றைக் காப்பதே இதற்கு மாற்று. சிறிய, எடை குறைந்த சக்கரங்கள் வந்தபின் இக்குறை பெரிதும் தணிந்துள்ளது.

பந்தயக் காருக்கு முன்பே லாரியில் டர்போ நிலைபெற்றதற்கும் காரணமுண்டு. அழுத்தம் கூடினால் பெட்ரோல் நேரந்தவறி எரிந்து எஞ்சினைத் தட்டும். டீசலுக்கு அந்த இடர் இல்லை. தமிழகத்தில் 1982-இல் தொடங்கப்பட்ட டர்போ எனர்ஜி நிறுவனம் இக்கருவியை இங்கேயே உருவாக்கியது. 2000-க்குப் பின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, டர்போ இல்லாத புதிய டீசல் வண்டி அரிதாயிற்று. பெட்ரோல் கார்களும் பின்னர் அவ்வழியே வந்தன.

சமவெளித் திடலில் உடனடி வேகமே குறியாக உள்ளோர்க்குச் சூப்பர்சார்ஜர் இன்றும் பொருந்தும். மலைச்சாலையில் ஓடவேண்டிய விரைவுக் காருக்கு டர்போவே தக்கது. ஆனால் அதன் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வது மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீதுதான். ஆகவே, விரைந்து ஏறிப் போடிமெட்டில் வண்டியை நிறுத்துவோர், உடனே சாவியைத் திருப்பி அணைக்காமல், எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும்.