புளியமரத்துப் பேயும் தலைக்குள் வந்த சாத்தானும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, ஆபீஸில் ஆணி அதிகம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. போன மாசம் அக்கா பையன் போன் பண்ணினதும், இனிமே தள்ளிப் போட முடியாதுன்னு ஆயிடுச்சு.

பையனுக்கு எட்டு வயசு. வழக்கமா என்கிட்ட பேசினா கிரிக்கெட், இல்லேன்னா வீடியோ கேம். அன்னிக்கு ராத்திரி பத்தரை மணி. போர்வைக்குள்ளே இருந்து கிசுகிசுன்னு பேசறான். "மாமா, நாம மனசுக்குள்ள தப்பா நெனச்சா அது சாத்தானுக்குத் தெரிஞ்சிடுமா?"

லீவில் பக்கத்துத் தெருவில் நடந்த ஏதோ ஒரு வகுப்புக்குப் போயிருக்கான். பாட்டு, படம் வரையறது, பிஸ்கட். கூடவே கொஞ்சம் சாத்தான். மூணு வாரமா ரூமில் லைட்டை அணைக்க விடறதில்லைன்னு அக்கா அப்புறம் சொன்னாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா, அதே எட்டு வயசில் அதே கேள்வியோடு நானும் முழிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

நமக்குச் சொந்த ஊர் அனுப்பம்பட்டு. சென்னை–கூடூர் ரயில் பாதையில் மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் வருமே, அதுதான். (மின்சார ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்து போயிருப்பீர்கள்.) ஆயா வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். முழுப்பரீட்சை லீவு என்றால் ஆயா வீடுதான். இறால், நண்டு, படகு, எல்லையம்மன் கோயில் கூழ் என்று சொர்க்கமாகப் போகும். ஒரு லீவில் அங்கேயும் இப்படி ஒரு வகுப்பு. பிஸ்கட்டுக்காகப் போனேன் என்பதை இங்கே மறைக்காமல் ஒப்புக்கொள்கிறேன் :-)

ஐந்தாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஆயாவிடம், "நீ கும்புடுறது சாமி இல்ல, சாத்தான்" என்று சொன்னேன். ஆயா சிரித்துவிட்டு மீன் கழுவப் போய்விட்டது. சொன்ன எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கதையின்படி ஆயா நெருப்புக்குப் போகவேண்டும். ஆயா போகக்கூடாது என்று நினைத்தால் நான் சாத்தான் பக்கம். அன்று ராத்திரி ஆயா பக்கத்தில் படுத்துக்கொண்டே ஆயாவைப் பார்த்துப் பயந்தேன். அந்தப் பயத்தை இன்னிக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மீனவக் கிராமத்துப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வந்து பெரியவர்களிடம் "உன் சாமி பிசாசு" என்று சொன்னது நான்தான் முதல் ஆள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கிடையவே கிடையாதாம். 1544லேயே ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே இல்லை, தெற்கே, முத்துக்குளித்துறையில்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர்கள் 1530களின் நடுவிலேயே போர்த்துக்கீசியர் பாதுகாப்பை நாடி மொத்தமாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542இல் வந்து சேர்ந்தார் பிரான்சிஸ் சவேரியார். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு, மனப்பாடம் செய்து, கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டினார். பெரியவர்கள் கடலுக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள்தானே கிடைப்பார்கள்! படித்ததை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்குச் சொல்லிக்கொடு என்பது உத்தரவு.

1544 ஜனவரியில் கொச்சியில் இருந்து ரோமில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார் சவேரியார். அதில் வருவதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஊரில் எங்காவது பழைய சாமிக்குப் பூசை நடந்தால் பிள்ளைகளே ஓடிவந்து தகவல் சொல்வார்களாம். அவர் பையன்களைத் திரட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போவார். பிள்ளைகள் சிலையை உடைத்துத் தூளாக்கி, காறித் துப்பி, காலால் மிதிப்பார்கள். பெற்றோர் பிசாசுக்குச் செய்த மரியாதையைவிடப் பிள்ளைகள் செய்த அவமரியாதை அதிகம் என்று சந்தோஷமாகக் குறிப்பிடுகிறார்.

சவேரியாரைத் திட்ட இதை எழுதவில்லை. நோயாளிகளுக்காக ஓடி ஓடி உழைத்தவர், 16ஆம் நூற்றாண்டு மனிதர். எனக்கு உறுத்துவது வேறு. சிலையை மிதித்துவிட்டு அந்தப் பையன் எங்கே போவான்? அதே அம்மா போடுகிற கஞ்சிக்குத்தானே போயாகணும்? அன்று ராத்திரி அவன் எப்படித் தூங்கினான் என்பது எந்தக் கடிதத்திலும் இல்லை.

இந்தக் குழப்பத்தில் பாதிக்குமேல் சொல்லில் இருக்கிறது என்பது என் கட்சி. சாத்தான் என்பது எபிரேயச் சொல். எதிராளி, குற்றம் சாட்டுகிறவன் என்று அர்த்தம். பழைய ஏற்பாட்டு யோபு கதையில் அவன் கடவுளின் சபையிலேயே வந்து நிற்கிறான், கிட்டத்தட்ட அரசு வக்கீல் மாதிரி. அந்தச் சொல் தமிழுக்கு வந்தபோது இங்கே ஏற்கனவே ஒரு சாத்தன் இருந்தார்! நம்ம ஐயனார்தான். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் வருகிறார். மணிமேகலை எழுதியவர் பெயரே சீத்தலைச் சாத்தனார். இரண்டு சொல்லுக்கும் உறவே இல்லை, வெறும் ஒலி ஒற்றுமை. ஆனால் எட்டு வயசுப் பையனுக்கு ஒலிதானே கேட்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துக்கொண்ட மற்ற இரண்டு சொற்கள் பேய், பிசாசு. பிசாசு வடமொழி. பேய் நம்முடையது. அதன் வரலாறு தனி. காரைக்கால் அம்மையார் தன்னையே காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர். ஆழ்வார்களில் ஒருவர் பெயர் பேயாழ்வார். பக்தியில் பித்துப் பிடித்தவரும் பேய்தான், சுடுகாட்டில் ஆடுவதும் பேய்தான். அப்படிப் பரந்து கிடந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய் நரகத்தின் ராஜா பக்கத்தில் நிற்க வைத்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடணும். எங்க பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இருந்தது. அங்கே 1632 முதல் பத்து வருஷம் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்கிற பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு இந்து சமயம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் செத்தபிறகு 1651இல் வெளிவந்தது. தரங்கம்பாடி சீகன்பால்கும் 1713இல் தமிழ்நாட்டுச் சாமிகளைப் பற்றி, கிராம தேவதைகள் உட்பட, பெரிய நூல் எழுதி ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அங்கே அச்சிட மறுத்துவிட்டார்கள். 1867இல்தான் சென்னையில் அச்சேறியது, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் கழித்து! ஹாலேயின் தலைவர் பிராங்கே, குழந்தையின் சொந்த விருப்பத்தை உடைத்தால்தான் பக்தி வளரும் என்று நம்பிய கல்வியாளர். ஆக, விசாரித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் பெரியவர்களின் அலமாரிக்குப் போனது. பிள்ளைகளுக்கு வந்தது மட்டும் சுருக்கப்பட்ட சாத்தான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த கேப்டன் போல் கதை.

திருநெல்வேலி இடையன்குடியில் இருந்த கால்டுவெல் (ஆமா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கால்டுவெல்லேதான்) 1849இல் அந்தப் பகுதிச் சாணார் மக்களைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதினார். அந்த மக்களே பிற்பாடு கொதித்துப்போன நூல் அது, அதில் நியாயமும் உண்டு. அதில் பேய் வழிபாடு பற்றி நிறைய வருகிறது. அகாலத்தில் செத்தவர்கள் பேயாவார்கள் என்பது நம்பிக்கை. 1809இல் வேலுத்தம்பி தளவாய்க்கு எதிரான சண்டையில், திருவிதாங்கூர் அரணைப் பிடிக்கும்போது காயம்பட்டுச் செத்தவர் கேப்டன் போல் என்கிற ஆங்கிலேய அதிகாரி. அவரும் பேயாகிவிட்டார். சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் சமாதியில் சாராயமும் சுருட்டும் படைத்தார்கள்! துரைக்கு என்ன பிடிக்குமோ அதைக் கொடுத்து அனுப்பு, அவ்வளவுதான்.

கால்டுவெல்லுக்கு இது மூடத்தனம். எனக்கு இதில் ஒரு இங்கிதம் தெரிகிறது. இந்தப் பேய்க்கு ஒரு இடம் உண்டு, நேரம் உண்டு, ஆசை உண்டு. உச்சிவெயிலில் புளியமரத்துப் பக்கம் போகாதே என்பார் ஆயா. போய்விட்டால்? வேப்பிலை அடிக்கலாம், உப்பு மிளகாய் சுற்றிப் போடலாம். அது முடிந்தால் பேய்ப் பிரச்சினையும் முடிந்தது. முக்கியமாக, நீ மனசில் என்ன நினைக்கிறாய் என்று புளியமரத்துப் பேய் கேட்பதே இல்லை.

சாத்தான் அப்படியில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற சாத்தான் எல்லா இடத்திலும் இருக்கிறான், எல்லா நேரத்திலும் இருக்கிறான், அதுவும் உன் நினைப்புக்குள்ளேயே இருக்கிறான். பொய் சொல்லத் தோன்றினால் அது அவன் குரல். சந்தேகம் வந்தால் அதுவும் அவன் குரல். எந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போவது?

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று நம்மூரில் சொல்வார்களே, அதை 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சோதனையாகவே செய்து பார்த்தார். அவர் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. அஞ்சு நிமிஷம் அதை நினைக்காதே, நினைத்தால் மணியை அடி என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடக்கிப் பார்த்தவர்களுக்குப் பிற்பாடு அந்த நினைப்பு மற்றவர்களைவிட அதிகமாகவே வந்தது. கரடி என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒவ்வொரு மணிக்கும் நரகம் என்று சொல்லி வைத்திருந்தால்?

பெரியவர்களே இதில் நொறுங்கியிருக்கிறார்கள். சவேரியாரின் பாரிஸ் அறைத்தோழர், இயேசு சபையின் தலைவர் லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில், பாவத்தை ஒழுங்காக அறிக்கையிட்டேனா இல்லையா என்று திரும்பத் திரும்பக் குடைந்து, தற்கொலை எண்ணம் வரைக்கும் போனவர். இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரே கூரான சிறு கல் என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. செருப்புக்குள் மாட்டிக்கொண்ட கல்! பிற்பாடு தன் ஆன்மிகப் பயிற்சி நூலில் அதற்கென்றே சில விதிகள் எழுதி வைத்தார் இஞ்ஞாசியார். மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் 1666இல் எழுதிய சுயசரிதையில், ஒன்பது பத்து வயசிலேயே பிசாசுக் கனவுகள் தன்னை உலுக்கின என்கிறார். வளர்ந்த பிறகும் உள்ளுக்குள் ஒரு குரல் விடாமல் துரத்தியது அவரை.

19ஆம் நூற்றாண்டில் ஃபர்னிஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் குழந்தைகளுக்கென்றே நரகத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். பழுக்கக் காய்ந்த அடுப்புக்குள் ஒரு குழந்தை தலையை மோதிக்கொள்ளும் காட்சியெல்லாம் அதில் உண்டு. மேலே விவரிக்கப் போவதில்லை.

அமெரிக்க மார்மன்கள் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எட்டு வயசு வரைக்கும் சாத்தானால் குழந்தையைச் சோதிக்க முடியாது என்பது அவர்கள் கோட்பாடு. எட்டில் ஞானஸ்நானம். அதுவரைக்கும் நிம்மதி, நல்ல விஷயம்தான். ஆனால் எட்டாவது பிறந்தநாள் கேக்கை வெட்டுகிற பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்! 1990இல் அந்தச் சபையின் பெரிய பொறுப்பில் இருந்த ஒருவர், சபைக்குள்ளேயே சாத்தான் சடங்குக் கூட்டம் இருப்பதாகச் சுமார் அறுபது பேர் தன்னிடம் சொன்னார்கள் என்று குறிப்பு எழுத, அது வெளியே கசிந்து பெரிய பீதி ஆனது. யூட்டா மாநில அரசே விசாரித்து 1995இல் அறிக்கை கொடுத்தது. அப்படி ஒரு கூட்டத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பயம் மட்டும் நிஜம்.

நம்ம பக்கம் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைங்க. கருட புராணத் தண்டனைகளைப் படம் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்துச் சாப்பிடாமல் இருந்திருக்கேன். 2005இல் அந்நியன் வந்தபோது கும்பிபாகம் கிருமிபோஜனம் என்று கிளாஸே நடுங்கியது. ஏரிக்கரை லெப்பை வீட்டு நண்பனுக்கு அதே சாத்தான் ஷைத்தானாக வந்தான். ஆனாலும் எனக்குத் தெரிந்த வரை, எமனின் எண்ணெய்ச் சட்டி செய்த காரியத்துக்குத்தான். நினைப்புக்கு இல்லை.

சரி, அக்கா பையனுக்கு வருவோம். பேயே கிடையாது என்று சொன்னால் நம்பமாட்டான், அந்த வயசில் நானும் நம்பவில்லை. அதனால் அவர்கள் வீட்டுச் சரக்கையே எடுத்தேன். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்று ஒரு பெரிய வாத்தியார் இருந்தார், சர்ச்சுக்கே பாடம் எடுத்தவர், அவரே எழுதி வைத்திருக்கார்டா, மனசில் இருப்பது கடவுளுக்கு மட்டும்தான் தெரியும், சாத்தானால் நேராகப் படிக்க முடியாது என்று. முகத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியுமாம். (இது நான் விட்ட கதை இல்லை, நிஜமாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறார்.)

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போர்வை சரசரக்கிற சத்தம் மட்டும்.

"அப்போ சாமிக்குத் தெரியுமா மாமா?"

மாட்டிக்கிட்டேன். "தெரியும்டா. ஆனா சாமி அதையெல்லாம் எழுதி வெச்சுக்காது" என்றேன். இதற்கு அக்குவினாஸில் ஆதாரம் இருக்கிறதா என்று யாரும் கேட்காதீங்க. ஆயா உயிரோடு இருந்தால் என்ன சொல்லியிருக்குமோ அதைச் சொன்னேன்.

லைட்டை அணைக்கவில்லையாம். ஆனால் டியூப்லைட் போய், இப்போ சின்ன நைட் லேம்ப்புக்கு வந்திருக்கிறது என்று அக்கா நேற்று சொன்னாள்.