திண்டுக்கல் சீமையின் சத்திரங்கள்

திண்டைப் போலக் கிடக்கும் கல் என்பதனாலேயே ஊருக்குத் திண்டுக்கல் என்ற பெயர் வந்தது என்பார்கள். சிறுமலைக்கு வடமேற்கே, பரந்த சமவெளியின் நடுவில், யாரோ ஒருவர் தலை சாய்ப்பதற்கென்று போட்டுவைத்ததைப் போலத் தனித்துக் கிடக்கும் அந்தப் பாறையைத் தூரத்திலிருந்து காணும்போதெல்லாம், அப்பெயரை இட்டவன் நெடுவழி நடந்து களைத்து வந்த ஒரு வழிப்போக்கனாகத்தான் இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இது வழிப்போக்கரின் சீமை என்பதற்குச் சிலப்பதிகாரமே சாட்சி. கொடும்பைக் குளக்கரையிலிருந்து மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளை மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு விவரிக்கும்போது, வலப்பக்கத்து வழியில் செல்வோர் சிறுமலையைக் காண்பார்கள் என்கிறான். வழியின் மரங்களையும் விளைவுகளையும் மலைகளையும் அவ்வளவு விஸ்தாரமாகச் சொல்லுகிற அந்தப் பகுதியைப் படிக்கும்போது, இரவில் இவர்கள் எங்கே தங்குவார்கள் என்ற கவலை நமக்கு எழாமல் இராது. அக்கவலைக்குப் பிற்காலத்தில் இந்நாடு கண்ட விடையே சத்திரம்.

சத்திரம் என்ற சொல் வடமொழி ஸத்ரத்திலிருந்து வந்தது; நெடுநாள் நடக்கும் வேள்விக்கும், அதனை ஒட்டிய அன்னதானத்துக்கும் வழங்கிய பெயர் அது. ஆகவே சத்திரம் என்றால் முதற்கண் சோறு; கூரை அதற்குப் பின்புதான். 1689 முதல் மதுரை நாட்டை நிர்வகித்த ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும் பிரிக்கமுடியாதபடி இணைந்துவிட்டது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் இன்றும் நிற்கிறது. அரசர்களைப் பின்பற்றி ஜமீன்தார்களும் வணிகர்களும் பிள்ளைப்பேறற்ற செல்வர்களும் நிலத்தை மானியமாக எழுதிவைத்துச் சத்திரங்களை ஸ்தாபித்தார்கள். தூண்கள் வரிசையிட்ட ஒரு முற்றம், ஒரு கிணறு, மாடுகள் அவிழ்த்துக் கட்ட மரநிழல், வாசலுக்கருகே தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கவும் ஏற்றவும் ஒரு சுமைதாங்கிக் கல். இவ்வளவே அதன் வைபவம்.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையைக் கவனியுங்கள். ஏறக்குறைய நடுவழியில், நல்ல நடையாளி ஒருவன் விடியலில் புறப்பட்டு மாலைக்குள் சேரக்கூடிய தொலைவில், ஒட்டன்சத்திரம் இருக்கிறது. அதற்கும் பழனிக்கும் இடையே சத்திரப்பட்டி இருக்கிறது. கட்டடங்கள் மறைந்தாலும், மனிதனின் கால் ஒரு நாளில் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. தைப்பூசத்தையொட்டிச் செட்டிநாட்டிலிருந்து காவடி சுமந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தார், தலைமுறை தலைமுறையாக இன்ன இடத்தில் இளைப்பாறல், இன்ன இடத்தில் இரவு என்று வகுத்து வைத்திருக்கும் முறையும் அந்தக் கணக்கைச் சார்ந்ததே.

அக்காலப் பிரயாணி தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்டவை சில கேள்விகளே. கிணற்று நீர் நல்ல நீரா, உப்பு நீரா? நீர்வளம் குறைந்த இச்சீமையில் இதுவே முதற்கேள்வி. மாட்டுக்கு வைக்கோல் அகப்படுமா? சோறு எந்த வேளையில் போடுவார்கள்? அடுத்த காத தூரத்துக்குத் துணை கிடைக்குமா? இவற்றோடு இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை மறைத்து எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். நம்மவரை உள்ளே விடுவார்களா என்பதே அது. பல சத்திரங்களில் சோறு ஒரு சாதியாருக்கு மட்டும்; சிலவற்றில் வேறு சாதியாருக்குத் திண்ணை வரையில் அனுமதி; தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவருக்கோ அந்தத் தர்மத்தின் நிழல்கூட இல்லை; சாலையோரத்து ஆலமரமே அவர்களுடைய சத்திரம். சாலை எல்லாருக்கும் பொதுவாயிருந்தபோதும், இரவு பொதுவாயிருக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு, கடைகளையும் உணவு விடுதிகளையும் தங்கும் விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அங்கே சாதி மத பேதம் பாராட்டக்கூடாதென்று 1950இல் விதித்ததற்குப் பின்னால், பூட்டிய வாசல்களுக்கு வெளியே கழிந்த எண்ணற்ற இரவுகளின் வேதனை இருக்கிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பெனியாரின் கைக்கு வந்தது. சத்திர மானியங்களின் வருமானம் தர்மத்துக்கே செலவாகிறதா என்று மேற்பார்வை செய்யும் பொறுப்பை 1817ஆம் வருஷத்து ஏழாவது ரெகுலேஷன் மூலம் சென்னை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. வெள்ளை அதிகாரிகளுக்கென்று முசாபரி பங்களாக்கள் எழுந்தன. நாற்காலியும் கட்டிலும் சமையற்காரனும் உள்ள அந்த பங்களாக்களில் தங்குவது உத்தியோக அந்தஸ்தைப் பொறுத்த காரியம்.

1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சத்திரத்தின் கணக்கு முழுவதும் மாறிப்போயிற்று. பல நாள் நடை சில மணி நேரமாகச் சுருங்கிவிட்ட பிறகு நடுவழிச் சத்திரத்தில் யார் இறங்குவார்கள்? ஆனால் அதே ரயில் அம்மையநாயக்கனூரைக் கோடைக்கானல் யாத்திரையின் வாசலாக்கியது. இன்று கோடை ரோடு என்று நாம் சொல்லும் அந்நிலையத்தில் இறங்கியவர்கள், மாட்டு வண்டியில் பெரியகுளத்துப் பக்கமாக மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலும் கூலியாட்கள் சுமந்த நாற்காலியிலும் மலையேறினார்கள். 1914இல் மோட்டார் செல்லும் மலைச்சாலை முடிந்த பிறகே அந்தத் துன்பம் தீர்ந்தது. மலைமேல் எழுந்த சொகுசு விடுதிகளின் ஆதி வரலாற்றில் அந்தக் கூலியாட்களின் தோள்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

பின்னர் ஊருக்குள் லாட்ஜு வந்தது. ஹோட்டல் என்ற சொல்லை நம்மவர் சாப்பாட்டுக் கடைக்கே வைத்துக்கொண்டார்கள். 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கி, பிற்காலத்தில் தலப்பாகட்டி என்று பேர்பெற்ற ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலில் படுக்கை எதிர்பார்த்து எவரும் போனதில்லை. லாட்ஜின் புதுமை அதன் அறை. அறையின் புதுமை அதன் சாவி. சத்திரத்தில் மூட்டையைத் தலைக்கு வைத்துப் பத்துப் பேரோடு படுத்தவன், இப்போது கதவைச் சாத்தித் தாழிட்டான். பூட்டுக்குப் பேர்பெற்று, 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் பெற்ற ஊர் திண்டுக்கல் என்பதை நினைக்கும்போது இது எனக்குத் தனி விசேஷமாகப் படுகிறது. இன்ன சாதி என்று கேளாமல், வாடகை வாங்கிக்கொண்டு ஒரு சாவியைக் கையில் தரும் அந்த ஏற்பாட்டை நான் சிறிதும் குறைவாக மதிக்கமாட்டேன். பழைய தர்மம் மறுத்த கௌரவத்தை அந்தச் சாவி பலருக்கு அளித்தது.

இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் கிரேக்க நாட்டுச் சாண்டோரினித் தீவில் எந்த விடுதியில் தங்கலாமென்று கைப்பேசியில் படம் பார்த்துத் தெரிவு செய்கிறார்கள். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையைக் குடைந்து வெள்ளையடித்த அந்த அறைகளுள் பல, ஒருகாலத்தில் ஏழை மாலுமிகளின் குடில்கள். 1956இல் நேர்ந்த பூகம்பத்தில் இடிந்து, மக்கள் கைவிட்டுச் சென்று, அதன் பிறகு செப்பனிடப்பட்டு விருந்தினர் அறைகளானவை. போகிற பிள்ளைகள் மனமாரப் போய்வரட்டும். போகுமுன் அந்தச் சுவர் யாருடைய வீடாயிருந்தது என்று ஒரு வார்த்தை விசாரித்தால், அங்கே கழியும் இரவுக்கு இன்னும் பொருள் கூடும்.

அந்த விசாரணையை நம் ஊரிலும் செய்ய விரும்புகிறேன். சத்திரத்துக் கிணறுகள் தூர்ந்துவிட்டன. சுமைதாங்கிகள் சாலை அகலமாகும்போது பெயர்த்து எறியப்படுகின்றன. ஆனால் மானியப் பத்திரங்களும் அன்னதானக் கணக்குகளும் சில வீடுகளின் மரப்பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால், பழைய காகிதமென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாருக்குச் சோறு போட்டார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்று எழுதியிருக்கும் அந்த ஏடுகளைப் பிரதியெடுத்து, உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பிரதியாவது சேர்ப்பியுங்கள்.