கட்டாத ரசம்

திண்டுக்கல் சமவெளியில் விஷத்துக்கு நிறமும் நாற்றமும் உண்டு. தோல் ஷாப்புத் தண்ணி இறங்கின கிணத்தை யாரும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணும் மூக்கும் நாக்குமே அங்கு சாட்சி. அப்படியிருந்தும் அந்தச் சாட்சியம் சட்டத்தின் காதில் விழ 1996 ஆகஸ்ட் 28 வரை ஆனது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்று வழங்கிய தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் ஆலைகளைக் கட்டுப்படுத்தியது. அதில் நாம் அதிகம் பேசாத ஒரு கோட்பாடு இருக்கிறது: தன் தொழிலால் சூழலுக்குக் கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சேரும்.

இதே மாவட்டத்தில், வத்தலக்குண்டு தாண்டி மலையேறினால், இந்தக் கோட்பாடு தலைகீழாகிவிடுகிறது. எப்படி என்பதைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த செஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை 1983இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்தது. 1987இல் அந்நிறுவனத்தை யூனிலீவர் வாங்க, ஆலை இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பண்டம், பெரும்பாலும் ஏற்றுமதி. இதுல என்ன விஷம் இருக்கப்போகுது என்றுதான் யாருக்கும் தோன்றும். பாம்பாற்றுச் சோலைக்கு மேலே உட்கார்ந்திருந்த அந்த ஆலைக்குப் புகைபோக்கிகூட அடையாளமில்லை.

பாதரசம் நமக்குப் புதிதல்ல. இதே மாவட்டத்துப் பழனியில் நவபாஷாணச் சிலையைப் போகர் செய்தார் என்பது மரபு. சித்த மருத்துவத்தில் 'ரசம் கட்டுதல்' என்று தனி வித்தையே உண்டு. அதன் பலாபலன் இங்கே விவாதமில்லை. கட்டாவிட்டால் ரசம் நிற்காது, ஓடும் என்று அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. நவீன அறிவியலும் வேறு மொழியில் இதையே சொல்கிறது. பாதரசத்தைச் சூடாக்க வேண்டாம். 20 டிகிரி அறையில் சும்மா கிடந்தாலே ஆவியாகும். காற்றுப் போக்கில்லாத இடத்தில் ஒரு கன மீட்டருக்கு 13 மில்லிகிராம் வரை சேரும். வேலையிடத்துக்கு அனுமதிக்கப்படும் அளவைப்போல அது பல நூறு மடங்கு. உருண்டையாக விழுங்கிவிட்டால் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். ஆவியாக மூச்சில் போனால் 80 விழுக்காடு உடலில் தங்கும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கர்ப்பிணியானால் நஞ்சுக்கொடி தாண்டிச் சிசுவுக்கும் போகும். உடுப்பில் ஒட்டிய துளி வீட்டுக்கும் வரும். ஆலைக்குள் காலே வைக்காத பிள்ளையும் அந்தக் காற்றைச் சுவாசிக்கும்.

கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத கூச்சம், எரிச்சல். இவைதான் அறிகுறிகள். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லிவிடலாம். குடிக்கிறான், வயசாச்சு, சத்துக் கம்மி, அவன் சுபாவமே அப்படி. தோல் ஷாப்புத் தண்ணிக்கு இப்படி மறைந்துகொள்ள இடமில்லை. பாதரசத்துக்கு மனித சுபாவமே மறைவிடம்.

2001 மார்ச்சில் கொடைக்கானல்வாசிகளும் கிரீன்பீஸ் அமைப்பும் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகளை வெளிக்கொணர்ந்தார்கள். 7.4 டன் என்றார்கள் இவர்கள்; 5.3 டன் என்றது நிறுவனம். அளவைக் கருவி செய்கிற ஆலையின் கதையில் அளவே தகராறானது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பியது. வந்த வழியே கழிவு திரும்பிப் போனது அபூர்வமான வெற்றிதான். ஆனால் மண்ணில் இறங்கினதும் மூச்சில் போனதும் கப்பலேறவில்லை.

தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். போதிய பாதுகாப்பு தரப்படவில்லை என்பது அவர்கள் வாதம். எவர் உடல்நலத்துக்கும் கேடில்லை என்பது நிறுவனத்தின் வாதம். இந்த இடத்தில்தான் நஞ்சின் இயல்பே ஒரு தரப்புக்குச் சாதகமாகிறது. ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பாதியாகும், அடுத்த இரண்டு மாதத்தில் அதிலும் பாதி. சேதம் நிற்கும், சாட்சியம் அழியும். ஆலை மூடிச் சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்த நிபுணர் குழு, நோய்களைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய ஆதாரமில்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு, தொடர்பு உண்டு என்றது. ஒரே உடல், இரண்டு வாசிப்பு.

உடம்பு தன் ஏடுகளைத் தானே கிழித்துக்கொள்ளும்போது, மிஞ்சுவது வேலை செய்த காலத்தில் எடுத்த அளவுகள் மட்டுமே. அவற்றை எடுப்பதும் வைத்துக்கொள்வதும் யார்? ஆலை. அதாவது நிரூபிக்க வேண்டியவர் தொழிலாளி, நிரூபணத்தின் சாவி முதலாளியிடம். மினமாட்டாவிலும் இதுவே நடந்தது. ஆலைக் கழிவைத் தின்ற பூனைக்கு நோய் வந்ததை 1959இலேயே சிஸ்ஸோ நிறுவனத்தின் சொந்த மருத்துவர் கண்டார், அது அமுக்கப்பட்டது. ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968இல்.

2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. பணம் கிடைத்தது, அது அவர்கள் போராட்டத்தின் பலன். சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் தரப்பட்டது கருணைத் தொகை; தொகை எவ்வளவு என்று வெளியிடப்படவில்லை; பொறுப்பு ஏற்கப்படவும் இல்லை. ஆலை மண்ணை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்று வாரியம் ஏற்றது. இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டபடியே இருந்தார்கள்.

சமவெளிக் கிணறுகளுக்காக எழுதப்பட்ட அந்த 1996ஆம் வருஷக் கோட்பாடு மலைமேல் இருந்த உடல்களுக்கு எட்டவில்லை. சூழலுக்கு ஒரு நீதி, தொழிலாளிக்கு இன்னொன்று என்று நாமும் பிரித்தே பேசிவந்திருக்கிறோம். பசுமை பேசுகிறவர்கள் சோலையைப் பார்த்தார்கள், தொழிற்சங்கம் கூலியைப் பார்த்தது. இனி எந்த ஆலை வாசலிலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்றைக்கு எடுத்த ரத்த அளவுச் சீட்டு இன்றைக்கே தொழிலாளி கையில் இருக்கிறதா? நாளைக்குக் கேட்டால், உடம்பில் இருக்காது.