ஞானோபதேச வகுப்பில் கேள்வி கேட்பவர் யார்?

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர் ஒன்றில், ஆர்.சி. பள்ளியில் படித்தவன் நான். 1990-களின் தொடக்கம். வாரத்தில் இரு நாட்கள் காலை முதல் பாடவேளையில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்க மாணவர்கள் தங்கள் சிறிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்கள், அவர்களுக்கு ஞானோபதேசம். மற்றவர்களாகிய நாங்கள் இருந்த இடத்திலேயே இருப்போம், எங்களுக்கு நீதிபோதனை. இரண்டு அறைகளுக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரு மரத்தட்டிதான். அதற்கு அப்பாலிருந்து ஆசிரியையின் ஒற்றைக் குரலில் ஒரு கேள்வியும், பலர் சேர்ந்த குரலில் ஒரு பதிலுமாக மாறி மாறி வந்துகொண்டிருக்கும். ஆண்டு முடிவதற்குள் அந்த விடைகளில் பாதி எங்களுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் அந்த ஓசை பாதியில் நின்றது. அக்கம்பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. தட்டிக்கு அப்பால் ஒரு மாணவன் எழுந்து ஏதோ கேட்டான். அதன்பின் நெடுநேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை.

பின்னர் தமிழ் இலக்கியம் பயின்று, கல்லூரியில் பாடம் நடத்தவும் வந்த பிறகு, தமிழின் முதல் அச்சு நூல்களைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்ல நேரும்போதெல்லாம் அந்த மௌனம் நினைவுக்கு வருகிறது. ஏனெனில் தமிழ் அச்சின் தொடக்க வரலாறு என்பதே ஒருவகையில் ஞானோபதேச வகுப்பின் வரலாறுதான். அந்த வரலாற்றை, 'வகுப்பில் கேள்வி கேட்பவர் யார்?' என்ற ஒற்றைக் கேள்வியைக் கொண்டு படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

*

1542-இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர்களின் துணையோடு மன்றாட்டுகளையும் கட்டளைகளையும் தமிழில் பெயர்த்துத் தாம் முதலில் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவர்களைக் கூட்டினார். அவர் சொல்வார், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கற்றதைத் தாய் தந்தையருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அச்சிறுவர்களிடம் பணித்ததை அவரே தம் மடல்களில் எழுதியிருக்கிறார். நோயுற்றோர் வீடுகளுக்கு மன்றாட அவர்களை அனுப்பியதையும், வீடுகளில் பழைய வழிபாடு நடந்தால் வந்து சொல்லச் செய்ததையும், சிலைகளை உடைக்க அவர்களையே பயன்படுத்தியதையும் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். இன்றைய வாசகருக்கு இதன் கடைசிப் பகுதி உறுத்தவே செய்யும். உறுத்தலோடு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்று பாடம் வகுப்பிலிருந்து வீட்டுக்குப் போயிற்று. சிறுவன் அதைச் சுமந்து சென்றவன். அவன் கேள்வி எதையும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

மனப்பாடத்தின் வலிமையையும் ஆபத்தையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்றும் அம்மடல்களிலேயே இருக்கிறது. நம்பிக்கை அறிக்கையின் முதற்சொல்லான 'நம்புகிறேன்' என்பதற்கு முதல் மொழிபெயர்ப்பில் 'வேணும்' என்று அமைந்துவிட்டது. 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிப்பது, அவ்விடத்தில் 'விசுவாசம்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று, 1544-இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்குச் சவேரியார் எழுதினார். அதுவரை கடற்கரை ஊர்களின் சிறுவர்கள் கடவுளை நம்புவதாகச் சொல்வதாக எண்ணிக்கொண்டு, கடவுள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தமிழாசிரியன் என்ற முறையில் அந்தப் பிழையின்மீது எனக்குச் சற்றுப் பரிவு உண்டு. ஆனால் பிழை பிழைதான். சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வகுப்பில், சொல்லின் பொருள் என்ன என்று கேட்க ஒருவர் எழுவதற்கு இடமில்லை.

சவேரியாருக்குப் பின் வந்தவர் ஹென்றிக்கஸ் என்ற அண்டிரிக் அடிகளார். தமிழைக் கற்று, இலக்கணமும் எழுதியவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று, பதினாறே பக்கங்கள். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்ற இயேசு சபைத் துறவி போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய ஞானோபதேச நூலைத் தழுவிய இந்நூல் வினா-விடை வடிவில் அமைந்தது. போர்த்துக்கீசிய மூலத்தில் ஆசிரியர் கேட்கிறார், சீடன் விடை சொல்கிறான். எழுத்தறிவு சிலருக்கே வாய்த்திருந்த காலத்தில் செவிவழிக் கல்விக்கு இது ஏற்ற வடிவம். ஆனால் நம் நன்னூல் மாணாக்கனுக்கு விதிக்கும் பயிற்சிகளுள், வினாவியதற்கு விடை சொல்லுதல் மட்டுமன்றித் தானே வினாவுதலும் உண்டு என்பதை இங்கே நினைவுகூரலாம்.

இதே மார்க்கோஸ் ஜோர்ஜின் நூல் ஜப்பானுக்கும் போயிற்று. 1591-92-இல் அங்கே அச்சான 'தொச்சிரினா கிரிஷித்தான்' அதன் தழுவல். ஆனால் ஜப்பானியப் பதிப்பில் இருவரும் இடம் மாறிவிட்டார்கள். கேட்பவன் சீடன், விளக்குபவர் குரு. ஒரே மூலத்திலிருந்து பிறந்த நூல் வேறொரு நாட்டில், மாணவன் வாயில் கேள்வியை வைத்தது. வடிவத்தில் நேர்ந்த சிறிய மாற்றந்தான். ஆனால் கேள்வி யாருடையது என்பது மாறினால் வகுப்பின் இயல்பே மாறிவிடுகிறது.

*

கடற்கரையிலிருந்து நம் கரிசல் நிலத்துக்கு வருவோம். சாத்தூர், சிவகாசிப் பகுதிக்குத் தெற்கே, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் காமநாயக்கன்பட்டி, பழைய மதுரை மிஷனின் முக்கியமான தளங்களுள் ஒன்று. 1711-ஐ ஒட்டித் தமிழகம் வந்த வீரமாமுனிவர் தம் தொடக்க ஆண்டுகளில் இங்கே பணியாற்றினார். பிற்காலத்தில் அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' வேதியர்களுக்காகவே எழுதப்பட்ட உரைநடை நூல். வேதியர் என்றால் இங்கே அந்தணர் அல்லர். ஊர் ஊராகச் சென்று ஞானோபதேசம் கற்பித்த உபதேசியார்கள். குருக்கள் சிலராகவும் ஊர்கள் பலவாகவும் இருந்த நிலத்தில், வருவதற்கே பல மாதங்கள் ஆகும் சாமியாரைவிட, உடனிருந்த உபதேசியாரே மக்களுக்குச் சமயத்தின் முகமாக இருந்தார். கற்பிப்பவரின் வாழ்க்கை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு வீரமாமுனிவர் ஒரு நூலையே ஒதுக்கியது தற்செயலன்று.

1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838-இல் அச்சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பியபின் பள்ளிகள் பெருகின. 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கை, மிஷன் பள்ளிகளுக்கும் அரசு மானியம் கிடைக்க வழி செய்தது. அங்கே கற்பிக்கப்படும் சமயப் பாடத்தை ஆய்வாளர்கள் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்றும் வகுத்தது. ஞானோபதேசம் பள்ளிக்குள் இருந்தாலும் அரசின் கணக்கில் சேராத பாடம் ஆயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசு உதவிபெறும் பள்ளியில் எவரையும் அவரது சம்மதமின்றி, சிறார் எனில் பெற்றோரின் சம்மதமின்றி, சமயப் பாடத்தில் உட்காரவைக்கக் கூடாது என்றது. எங்கள் பள்ளியின் மரத்தட்டி வெறும் பலகையன்று. அந்தப் பிரிவின் கண்ணுக்குத் தெரிந்த வடிவம்.

*

பள்ளி வந்தது. ஆனால் பதின்வயது மாணவன் வந்தானா?

சிவகாசியின் கதை வாசகர்கள் அறிந்ததே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த நிலத்தில் அத்தொழில் பல்லாயிரம் அடுப்புகளை எரியவைத்தது. பின்னர் பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. கூடவே குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள் வந்தன. விடியுமுன் ஊருக்குள் வரும் வண்டியில் ஏறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய், இருட்டியபின் திரும்பிய பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு என்பது பிறர் வீட்டுச் செய்தி. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்து 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியவர். அவருடைய மண்ணிலேயே ஆலை வண்டி பள்ளியோடு போட்டியிட்டது.

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. ஆயினும் 1986-ஆம் ஆண்டுச் சட்டம் காத்தது பதினான்கு வயது நிரம்பாதவர்களைத்தான். பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதை அச்சட்டம் தடுத்தது 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவனின் வயதைச் சட்டம் அத்தனை காலம் கழித்தே கண்டுகொண்டது.

இதே காலத்தில் வகுப்பறையின் உள்ளேயும் மாற்றம் நிகழ்ந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின், 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டி.எஸ். அமலோற்பவதாஸ் ஒரு தமிழர். ஆயத்த விடையிலிருந்து தொடங்காமல் மாணவரின் வாழ்க்கை அனுபவத்திலிருந்து தொடங்குவது, பிறகு அதை விவிலியத்தின் ஒளியில் பார்ப்பது என்ற முறையை இந்தியாவில் பரப்பியவர்களுள் அவர் முதன்மையானவர். தமிழில் திண்டிவனம் நடுநிலையம் புதிய பாடநூல்களைக் கொண்டுவந்தது. சொற்களும் மாறின. ஞானோபதேசம் மறைக்கல்வி ஆயிற்று, சர்வேசுரன் கடவுளானார், பூசை திருப்பலி ஆயிற்று, சவேரியார் அரும்பாடுபட்டுத் திருத்திய 'விசுவாசம்' என்ற சொல்லும் 'நம்பிக்கை'க்கு இடம் கொடுத்தது.

இந்த மாற்றத்தில் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுதப்படிக்கத் தெரியாத மூதாட்டிகள், பார்வை மங்கிய வயதிலும் நெடிய மன்றாட்டுகளைப் பிசகின்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். துயரத்தில் நாவுக்குத் துணை வருவது மனப்பாடந்தான். புதிய நூல்களில் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சேமிப்பு இல்லை என்று பழைய உபதேசியார்கள் வருந்துவதில் நியாயமுண்டு. மொழிப்பாடம் நடத்தும் எங்களுக்கும் இதே வருத்தம் இருக்கிறது.

ஆனால் இந்த நிலத்தில் ஒரு கேள்வி எந்தப் பாடநூலுக்கும் காத்திருப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உதவ ஓடிச் சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய நாளுக்கு மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் உட்காரும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தாய், அதேபோன்ற இன்னொரு ஆலையில் மருந்து அறைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய கூலியில்தான் இந்தப் பிள்ளையின் சீருடை வந்தது. 1542-இல் சிறுவன் வகுப்பிலிருந்து விடையை வீட்டுக்குக் கொண்டு போனான். இன்று அவன் வீட்டிலிருந்து கேள்வியை வகுப்புக்குக் கொண்டு வருகிறான்.

இதற்கு ஆயத்த விடை சொல்லும் சோதனை ஆசிரியருக்கு வரும். கடவுளின் திட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னவர்களைப் பற்றி விவிலியத்திலேயே ஒரு நூல் உண்டு. யோபு பிள்ளைகளை இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கிறான். நண்பர்கள் வந்து, துன்பம் வந்ததென்றால் தவறும் இருந்திருக்கும் என்று ஒழுங்காக வாதிடுகிறார்கள். யோபு பணிய மறுத்துக் கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். இறுதியில் கடவுள் கடிந்துகொள்வது விடை சொன்ன நண்பர்களை. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் என்று அவர் சொல்வது கேள்வி கேட்டவனை. நான் அச்சமயத்தைச் சேர்ந்தவனல்லன். ஆனால் இலக்கிய மாணவனாக இதைவிடத் துணிவான முடிவை அதிகம் கண்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, தட்டிக்கு அப்பால் அமர்ந்திருந்த நண்பனைச் சந்தித்தபோது அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இறந்தவர்களுள் ஒருத்தி, கேட்ட பையனுடைய தெருக்காரி. அவள் ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தவள் ஆயிற்றே என்பதுதான் அவன் கேள்வி.

"சிஸ்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. புத்தகத்த மூடச் சொன்னாங்க. ரொம்ப நேரம் சும்மா நின்னாங்க. அப்புறம், இந்தக் கேள்வி புத்தகத்துல இல்ல, எனக்கும் தெரியாதுன்னாங்க. சாயங்காலம் எங்க எல்லாரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க."

தான் மனப்பாடம் செய்த நூற்றுக்கணக்கான விடைகளில் பெரும்பாலானவை மறந்துவிட்டன என்றான். அந்த வகுப்பு மட்டும் மறக்கவில்லை. எங்களுக்குத் தட்டிக்கு இப்பால் மௌனமாகக் கேட்டது அதுதான்.