தறிக்காரர் கழுத்தும் எஃகு உருண்டையும்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். கைத்தறி இருந்த பல வீடுகளில் இன்று விசைத்தறி ஓடுகிறது. ஆனாலும் கழுத்துக்கு ஓய்வில்லை. பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, தலையைக் கவிழ்த்து, நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட வேண்டும். 'கழுத்து பிடிச்சுக்கிச்சு' என்று தொடங்குகிற பேச்சு, சிலருக்குச் சில வருடங்களில் 'கை மரத்துப்போகுது' என்று மாறிவிடுகிறது.

கழுத்தில் ஏழு எலும்புகள். அவற்றுக்கு இடையே மெத்தைபோல இருப்பது டிஸ்க், நம் பக்கப் பேச்சில் ஜவ்வு. அது பிதுங்கினால் கைக்குப் போகும் நரம்பையோ தண்டுவடத்தையோ அழுத்தும்.

இதற்கெல்லாம் கத்தி வைக்கும் துறை நம்மிடம் உருவாகி முக்கால் நூற்றாண்டுதான் ஆகிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைப் பிரிவை 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார் பா. ராமமூர்த்தி. அந்த இரு ஊர்களுக்கும் நடுவில் இருக்கிறது ஆர்.கே.பேட்டை.

1950-களில் அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன், கிளவர்டு ஆகியோர் கழுத்தின் முன்பக்கமாக உள்ளே போகும் வழியைக் காட்டினார்கள். மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் ஒருபுறம் ஒதுக்கி, கெட்ட ஜவ்வை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பில் வெட்டிய துண்டை அங்கே வைப்பார்கள். இரண்டு எலும்புகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். வலி போகும், அந்த இடத்தின் அசைவும் போகும். அசைவின் பாரம் மேலும் கீழும் உள்ள ஜவ்வுகள் மேல் ஏறுகிறது. 1999-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பக்கத்து ஜவ்வால் புதிதாகத் தொல்லை வரலாம் என்று கணக்கிட்டது.

அசைவைக் காப்பாற்றும் ஆசை அந்த ஆய்வுக்கும் முந்தியது. 1960-களில் ஸ்வீடனின் உல்ஃப் ஃபெர்ன்ஸ்ட்ரோம் ஜவ்வு இருந்த இடத்தில் எஃகு உருண்டையையே வைத்துப் பார்த்தார். உருண்டை எலும்புக்குள் புதைந்தது, முயற்சி கைவிடப்பட்டது. அந்தத் தோல்வி வீணில்லை. பாரத்தைப் பரந்த தட்டு தாங்க வேண்டும் என்ற பாடம் அதில்தான் கிடைத்தது. 1980-களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிரையன் கம்மின்ஸ், குழியும் குமிழுமாகப் பொருந்தும் எஃகு மூட்டைச் செய்தார். அதன் வழிவந்த 'பிரெஸ்டீஜ்' டிஸ்குக்கு 2007-ல் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது. இன்று சென்னையிலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

எல்லாக் கழுத்துக்கும் இது ஆகாது. எலும்பு பலவீனமானவர்களுக்கும், கழுத்தெலும்புகளின் பின்மூட்டுகள் மிகவும் தேய்ந்தவர்களுக்கும் ஒட்டவைப்பதே இன்றும் வழி. பலருக்கு மருந்தும் பயிற்சியுமே போதும். அறுவைதான் என்று மருத்துவர் சொன்னால், 'ஒட்டவைப்பதா, அசையும் டிஸ்கா, எனக்கு எது, ஏன்?' என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் தாமதம் வேண்டாம். விரலில் இழை நிற்கவில்லை, சட்டைப் பொத்தான் போட வரவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருளாக இருக்கலாம். சுளுக்கெடுக்கப் போகாமல் நேரே நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நாள்பட நசுங்கிய தண்டுவடம், எந்த டிஸ்க்கை வைத்தாலும் முழுதாக மீளாமல் போகலாம்.