பஞ்சிலிருந்து நெகிழிக்கு
முகக்கவசத்தின் வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஓர் இடமுண்டு. 1879இல் பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே, 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்குப் பரவிய நுரையீரல் கொள்ளைநோய் மூச்சுவழித் தொற்றுவதை உணர்ந்து, சல்லாத்துணிக்குள் பஞ்சு வைத்த கவசத்தை அணியச் செய்தார். அதனை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, சில நாள்களில் அந்நோய்க்கே இரையானார்.

கோவிட்-19 காலத்தில் பஞ்சின் இடத்தில் நெகிழியைக் கண்டோம். என்95 கவசத்தின் உயிர்நிலை, பாலிபுரோப்பிலீனை உருக்கி ஊதிப் பெறும் மெல்லிழைப் படலமாகும். இழைகளில் ஏற்றிய மின்னூட்டம் நுண்துகள்களை ஈர்த்துப் பிடிப்பதால், மூச்சு எளிதாகிறது, காப்பும் குறைவதில்லை. ஆயினும் சோப்பு நீரில் துவைத்தால் அம்மின்னூட்டம் குன்றிவிடும். எனவே அதனைப் பயன்படுத்தி எறிய வேண்டியதாயிற்று.

2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகளின் கூட்டு முயற்சியால் பெறப்பட்ட காப்புப் பொருள்கள் மட்டுமே ஏறத்தாழ 87,000 டன். அவற்றுள் பெரும்பகுதி கழிவாகியிருக்கும் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது.

உயிர்காத்த பொருளைப் பழிப்பது நன்றியாகாது. அது விட்டுச்சென்ற சுமையை மறப்பதும் அறமாகாது. காப்பில் குறையாமல் கழிவைக் குறைக்கும் கவசத்தைக் காண்பதே, வூ தொடங்கிய பணியில் நம் மாணவர்க்கு எஞ்சியுள்ள பங்கு என்போம்.